பாட்டின் கீழே ஐந்து பெயர்

நாங்கள் நான்கு பேர். எங்களிடம் இருப்பது பேஸ் கிட்டார் இரண்டு, ஆம்ப் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடி அறையில் கூடுவோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது. இரண்டு பேர் வாசிப்பது, மற்ற இரண்டு பேர் குறை சொல்வது, பிறகு கை மாற்றிக்கொள்வது. இதுதான் எங்கள் பள்ளிக்கூடம். எங்கள் பெயர்களை இங்கே எழுதவில்லை. எங்களில் இருவர் வீட்டில், பிள்ளைகள் ஞாயிறுதோறும் வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போவதாகத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெயரைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையில் எங்கள் பெயரே இல்லாதது வேடிக்கைதான். இருக்கட்டும்.

பேஸ் வாசிக்கிறவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் என்ன பேசுவார்கள்? முதல் ஒரு மணி நேரம் கம்பியைப் பற்றித்தான். ஒரு செட் பேஸ் கம்பி வாங்கும் காசில் எங்கள் வீடுகளில் ஒரு வாரம் காய்கறி வாங்கலாம். அதனால் பழைய கம்பியைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுவோம். விரலின் அழுக்கும் எண்ணெயும் போய், கொஞ்ச நாளைக்குப் புதுக் கம்பி மாதிரி பளிச்சென்று சத்தம் வரும். சோறு வடிக்கும் பாத்திரத்தில் ஒருமுறை இதைச் செய்து எங்களில் ஒருவர் அம்மாவிடம் வாங்கிய அடியை இங்கே விவரிக்க வேண்டாம்.

கையில் இருக்கும் இரண்டுமே பழைய பேஸ்தான். ஒன்றின் கழுத்து வளைந்திருக்கிறது. சென்னையின் ஈரக் காற்றில் மரம் அசையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டுத் திருகி நிமிர்த்த வேண்டும். மழைக்காலம் வந்தால் மறுபடி. அதைத் திருகப் பயந்து ஆறு மாதம் வளைந்த கழுத்தோடே வாசித்தோம். சரிசெய்து பார்த்த பிறகுதான், இத்தனை நாள் விரல் வலித்தது எங்கள் குறையல்ல என்று தெரிந்தது.

முதன்முதலில் மேடையில் வாசித்தது ஒரு ஏப்ரல் 14 அன்று, தெருமுனைக் கூட்டத்தில். பேஸை நேராக மைக்செட்காரரின் பெட்டியில் செருகிவிட்டோம். கம்பத்தில் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கர். பேஸின் கீழ்க்கம்பி வெறுமனே தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். குழாய் ஸ்பீக்கரோ மனிதக் குரலைத் தூரம் கொண்டுபோகச் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. பாட்டு முடியும்வரை உயிரைக் கொடுத்து வாசித்தோம். கீழே நின்ற ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் அக்கறையோடு கேட்டார்: “இன்னா தம்பி, கிட்டாருல ரெண்டு கம்பி அந்துபோச்சா?”

பேஸ் வாசிக்கிறவர்களின் மனக்குறை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பாட்டின் தரை நாங்கள். தரை இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. போனில் பாட்டு கேட்டால் நாங்கள் பாதிதான் இருப்போம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் எங்கள் சுரம் வராது, அதன் மேல் எழும் அதிர்வுகள் மட்டும் வரும். மிச்சத்தைக் கேட்பவரின் மூளை ஊகித்துக்கொள்கிறது.

இந்தக் கருவிக்கும் ரொம்ப வயதாகவில்லை. ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர், 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயர மர வயலின். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது, டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும்படி சுருக்கி, ஃபிரெட் வைத்து, மின்சாரம் கொடுத்தார். தோளில் மாட்டி நடக்கலாம் என்பதால் அது பிற்பாடு யார் யார் கைக்கெல்லாம் போனது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

இரண்டாவது மணி நேரம் விரலைப் பற்றியது. விரலால் வாசிப்பதா, பிக்கால் வாசிப்பதா, கட்டைவிரலால் அறைவதா? எங்களோடு வாசிக்கும் தோழி ஸ்லாப் கட்சி. கட்டைவிரலால் கம்பியை அடித்து, ஆள்காட்டி விரலால் இழுத்து விடுவார், ஆம்ப் அதிரும். அந்த முறையைப் பரப்பியவர் லாரி கிரஹாம் என்ற கறுப்பினக் கலைஞர். அவர் அம்மாவோடு சேர்ந்து விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் போனது. இல்லாத டிரம்ஸின் அடியைப் பேஸ் கம்பியிலேயே அடிக்கத் தொடங்கினார். ஆள் இல்லாத குறைதான் ஒரு பாணியானது. “பேஸைத் தோல் கருவியாக்கியவர் அவர்தான்” என்று தோழி சொல்வார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பாட்டிலும் அவர் அதைச் செய்வதில் நியாயம் இல்லை.

மற்ற மூவரும் ஜேம்ஸ் ஜேமர்சன் கட்சி. இந்தப் பெயரைக் கேள்விப்படாத தோழர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1936இல் அமெரிக்காவின் தெற்கே, சவுத் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954இல் டெட்ராய்டுக்கு வந்தார். தெற்கின் இன ஒதுக்கலை விட்டு, வேலை தேடி, கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே நகரங்களுக்குப் போன காலம் அது. அங்கே மோடவுன் என்ற பாட்டுக் கம்பெனி ஒரு வீட்டில் இயங்கியது. அதன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கலைஞர்கள் வைத்த பெயர் ‘பாம்புக் குழி’. அறுபதுகளில் உலகம் ஆடிய மோடவுன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேஸ் ஜேமர்சன்தான். வலது கையில் ஒரே ஒரு விரல், ஆள்காட்டி விரல். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். 1962ஆம் வருடத்துப் பிரிசிஷன் பேஸ் ஒன்று. தட்டையான கம்பி. அறுந்தால் ஒழிய அதை மாற்றமாட்டார். கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அதனால் சுரம் நீளாமல் ‘தும்’ என்று விழுந்து அடங்கும், தோலில் அடித்த மாதிரி. நாங்கள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி வைத்துப் பார்த்தோம். சத்தம் வந்தது. ஜேமர்சன் வரவில்லை.

அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தபோது பாடகர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் இருக்காது. மோடவுன் உறையில் கலைஞர்களின் பெயர்கள் அச்சானது 1971இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில். அந்தப் பதிவுக்கு ஜேமர்சனை இரவு விடுதியிலிருந்து தேடிப்பிடித்து அழைத்துவந்ததாகவும், குடிபோதையில் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே அவர் வாசித்ததாகவும் சொல்வார்கள். அதற்கு முன் பத்து வருடமாக அவர் வாசித்ததைக் கேட்டு உலகம் பேஸ் கற்றுக்கொண்டது, யாரிடம் கற்கிறோம் என்று தெரியாமலே. 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. கலைஞர்களில் பெரும்பாலோர் டெட்ராய்டிலேயே விடப்பட்டார்கள். ஜேமர்சன் பின்னாலேயே போனார், அங்கே அவருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. 1983இல் கம்பெனியின் 25ஆம் ஆண்டு விழா நடந்தபோது அவருக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். அதே வருடம் ஆகஸ்டில் இறந்தார், வயது 47. சாவதற்குச் சில நாள் முன்பு அவருடைய அந்தப் பேஸும் திருடு போயிருந்தது. 2000இல் ராக் அண்ட் ரோல் மரியாதைக் கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். செத்த பிறகு மாலை போடுவது நம்மூர் வழக்கம் மட்டும் அல்ல.

எங்களுக்கு இந்தக் கதை ஜேமர்சனோடு முடியவில்லை. ஜமைக்காவின் ஆஸ்டன் பாரெட், பாப் மார்லியின் பேஸ் கலைஞர். முதல் பேஸைப் பிளைவுட்டில் தானே செய்துகொண்டவர். தனக்கும் தன் தம்பிக்கும் வரவேண்டிய உரிமைத்தொகை என்று லண்டன் நீதிமன்றம் வரை போனார். 2006இல் தோற்றார். நம் ஊரில் பழைய சினிமாப் பாட்டு கேசட்டுகளின் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். பேஸ் வாசித்தவர் பெயர் எத்தனை அட்டையில் இருக்கிறது? ஏ.ஆர். ரகுமான் தன் கேசட் அட்டைகளில் கலைஞர்கள் பெயரைப் போடத் தொடங்கிய பிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரே எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பேசிப் பேசி எங்களுக்கு ஒரு பெருமிதம் வந்துவிட்டது. அம்பேத்கர் 1946இல் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், 1972இல் பம்பாய்த் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள், அந்தக் கோட்டில் ஜேமர்சனின் வாரிசாக நாங்கள் நிற்கிறோம் என்று ஒரு நினைப்பு. பெயர் மறுக்கப்பட்டவர்களின் பக்கம் நாங்கள். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, போன வருடம் வரை.

மூன்றாவது மணி நேரம் எப்போதும் லட்சியத்தில் போய் முடியும். ஒருவருக்கு சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்க வேண்டும். தோழிக்குப் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு கானா குழு. இன்னொருவருக்கு லட்சியமே கிடையாது, நல்ல ஆம்ப் வேண்டும், அவ்வளவுதான். நான்காமவர் விஷயம் வேறு. அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் பறை அடிப்பவர்கள். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். அப்பா ஒருநாள் போகமாட்டேன் என்று நின்று, அதனால் வந்த தகராறில் சென்னைக்கு வந்து மூட்டை தூக்கியவர். “உன் கை தோலைத் தொடக் கூடாது” என்று சொல்லித்தான் மகனை வளர்த்தார். மகன் கம்பியைத் தொட்டான். தோல் இல்லை, தீயில் காட்டிச் சூடேற்ற வேண்டியதில்லை, எந்த வீட்டு வாசலிலும் நின்று அடிக்க வேண்டியதில்லை. பேஸ் அவருக்குத் தப்பிப் போகும் வழி. பெரியப்பாவோ ஊரிலேயே இருந்து, சாவுக்கு அடிப்பதை நிறுத்தி, மாநாடுகளுக்கும் மேடைகளுக்கும் மட்டும் அடிக்கும் குழு ஒன்றை வைத்திருக்கிறார். ஒரே வீட்டில் ஒருவர் பறையை விட்டதும், மற்றவர் பிடித்ததும் ஒரே காரணத்துக்காக. இயக்கத்துக்குள் இந்த விவாதம் பல வருடமாக நடக்கிறது. அதை இங்கே தீர்க்கப்போவதில்லை.

நாங்கள் ஒரு பாட்டு பதிவு செய்ய முடிவெடுத்தோம். சொந்தப் பாட்டு. பறை வேண்டும் என்றதும் பெரியப்பாவின் குழுவைத்தான் கூப்பிட்டோம். ஐந்து பேர் விடியற்காலை பஸ் பிடித்து வந்தார்கள். ஸ்டுடியோவில் ஏசி. கன்றுத்தோல் குளிர்ந்து தொய்ந்து, இரண்டு டேக்குக்குள் சத்தம் இறங்கிவிடும். உள்ளே தீ மூட்டக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஐந்து பேரும் படியிறங்கிப் பின்பக்கம் போய், செய்தித்தாளைக் கொளுத்திச் சூடு காட்டி, ஓடிவந்து நின்று அடித்தார்கள். “ஃபைபர் பறை வாங்கிடுங்க, தொல்லை இல்ல” என்றார் ஸ்டுடியோக்காரர். பெரியப்பா தலையாட்டிக்கொண்டே மறுபடி படியிறங்கினார். சின்ன டிரம்ஸ் செட்டுக்கு அங்கே ஏழு மைக் இருந்தது. ஐந்து பறைக்கு இரண்டு.

அன்று பேஸைப் பற்றி நாங்கள் கற்றது நான்கு வருடத்தில் கற்றதைவிட அதிகம். ஒத்திகையில் எங்கள் ஆள் பறையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். “எல்லாத்தையும் நீயே அடிச்சிட்டா நான் எங்க அடிக்கிறது? எடம் வுடு” என்றார். பறையில் அடிக்குச்சி கனத்த அடி போடும், சிண்டுக்குச்சி அதைச் சுற்றிச் சிதறும். கனத்த அடியோடு மட்டும் பேஸ் சேர வேண்டும், சிதறல் நடக்கும்போது சும்மா இருக்க வேண்டும். அதைச் செய்த உடனே பாட்டு நடக்க ஆரம்பித்தது. ஜேமர்சனின் ஸ்பாஞ்சுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சுரம் சீக்கிரம் செத்தால்தான் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.

பாட்டு வெளியானது. இரண்டு வாரம் கழித்துப் பெரியப்பா போன் செய்தார்.

“பாட்டு கேட்டேன்பா. நல்லா வந்துருக்குது. கீழ பேரெல்லாம் போட்டுருக்கீங்களாமே, பேத்தி படிச்சுச்சு. பறைக் குழுன்னு ஒண்ணு இருக்குதாம். அது யாருப்பா?”

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே கேட்கிற மாதிரிதான் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாங்கள் நால்வரும் அறையில்தான் இருந்தோம்.

எடுத்துப் பார்த்தோம். பாடல், குரல், கிட்டார், பேஸ், கீபோர்டு, ஒலிப்பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர். படம் எடுத்த பையன் பெயர்கூட இருந்தது. பறைக்கு நேராக மட்டும் ‘பறைக் குழு’. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நாங்கள். சரிபார்த்ததும் நாங்கள்.

முதலில் சமாதானம் தேடினோம். அவசரம். ஐந்து பேரின் முழுப் பெயரும் தெரியாது. குழு என்று போட்டது மரியாதைக்குத்தானே. தோழிதான் நிறுத்தினார். “கீபோர்டு வாசிச்சவரை நாம ஒரே ஒரு நாள்தான் பாத்தோம். அவர் பேரை ஸ்பெல்லிங் கேட்டு எழுதினோம்” என்றார். பிறகு கணக்கு நோட்டை எடுத்தார். கீபோர்டுக்கு 2,500 ரூபாய். பறைக்கு ஆளுக்கு 1,000, பஸ் கட்டணம், சாப்பாடு. இந்தத் தொகையை யார் முடிவு செய்தது என்று கேட்டுப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. வழக்கத்தில் என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்திருந்தோம். யாருடைய வழக்கம்? மின்சாரத்தில் செருகும் கருவிக்கு ஒரு விலை, தீயில் காட்டும் கருவிக்கு ஒரு விலை. கம்பியைத் தொட்டவனுக்குப் பெயர் உண்டு, தோலைத் தொட்டவன் கூட்டம். அந்த வழக்கத்தைத்தான் ஜேமர்சன் கதை பேசிக்கொண்டே நாங்கள் கடைப்பிடித்திருக்கிறோம். அப்பா தப்பிப் போகச் சொன்ன எங்கள் ஆள் அன்று ஒன்றும் பேசவில்லை. பேஸைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டுக் கிளம்பிப்போனார்.

அடுத்த ஞாயிறு நால்வரும் மதுராந்தகம் போனோம். மீதித் தொகையும் ஒரு நோட்டும் கையில். பெரியப்பா பெயரைச் சொன்னார், எழுதினோம். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இனிஷியல் போடலியே” என்றார். “ரேஷன் கார்டுல இருக்குது, பாத்து எழுது. இனிஷியலோட எவனும் என்னைக் கூப்பிட்டதில்ல.” மற்ற மூவரும் அதே மாதிரி அட்டையை எடுத்துவந்து காட்டினார்கள். ஒருவருக்கு அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஊர்க்காரர்கள் கூப்பிடுவது மூன்றாவதாக ஒன்று. அவர் ஆதார் பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

ஐந்தாமவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். கூடப் படிப்பவர்களுக்கு இன்னும் தெரியாது. அப்பா பெயரைத் தட்டினால் பறை வந்து நிற்கும். “அது படிப்பு முடியட்டும்” என்றார். தவறைத் திருத்தப் போகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயர் போடுவது எங்களுக்கு நியாயம், அவருக்கு ஆபத்து. ‘மற்றும் ஒருவர்’ என்று போடலாமா என்றோம். சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கே அசிங்கமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு, “எங்க தாத்தா பேரைப் போடு. அவருதான் எனக்குக் கத்துக் குடுத்தாரு. செத்துட்டாரு. அவரை இனிமே யாரு இன்னா பண்ண முடியும்?” என்றார்.

பாட்டின் கீழே இப்போது பறைக்கு நேராக ஐந்து பெயர் இருக்கிறது, எல்லாம் இனிஷியலோடு. அதில் ஒருவர் நாங்கள் பிறப்பதற்கு முன்பே இறந்தவர். எது அவர் பெயர் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. அந்தப் பெயர்களை இந்தக் கட்டுரையிலும் போடவில்லை. மகளின் படிப்பு முடியட்டும்.

கிளம்பும்போது பெரியப்பா பேஸைக் கேட்டு வாங்கினார். எங்கள் ஆள் தானே பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஆம்ப் இல்லை. கீழ்க்கம்பியை ஒருமுறை தட்டினார். சத்தம் அவ்வளவாக வரவில்லை. கட்டையின் பின்பக்கத்தை நெஞ்சோடு அணைத்து மறுபடி தட்டினார். “உள்ள கேக்குது” என்றார்.

அடுத்த பாட்டின் ஒத்திகை அவர்கள் ஊரில்தான், வெட்டவெளியில், தீ மூட்ட இடம் உள்ள இடத்தில். யாரிடமாவது பயன்படுத்தாத பேஸ் ஆம்ப் இருந்தால் தெரிவியுங்கள். கிட்டார் ஆம்ப் வேண்டாம், போன தடவை அதில் போட்டு ஒரு ஸ்பீக்கரைக் கிழித்துவிட்டோம். பழைய கம்பி இருந்தாலும் தாருங்கள், கொதிக்கவைத்துக்கொள்கிறோம்.